ஒரு இலைப் பிரியாணிக்குள்ளே ஒரு மாவட்டமே இருக்கிறது... தெரியுமா?

வெளியூரில் வேலை பார்க்கிற கூட்டாளிகள் லீவுக்கு நம்ம ஊர் எரியோடு வந்து சேர்ந்தால் முதல் நாள் வீட்டுச் சாப்பாடு. மறுநாள் கேட்கவே வேண்டாம், திண்டுக்கல்தான்! சீமையில் நண்பர்கள் கூடினால் தாத்தா காலத்துப் பப் ஒன்றில் போய் உட்காருவார்கள். நம்ம பக்கம் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருப்பது பிரியாணிக் கடை. ஒரு டேபிள், நாலு வாழை இலை, "மாப்ள, நல்லி எனக்குடா" என்று ஒரு சண்டை. அந்த இலையில் வந்து விழுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்னென்ன அதிசயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், ருசி ஒரு படி ஏறும். இது சத்தியம்!

போர்டில் இருந்த பெயர் வேறு!

இன்றைக்குக் கடல் தாண்டியும் கிளை வைத்திருக்கும் திண்டுக்கல் தலப்பாக்கட்டி பிரியாணி, பிறந்தபோது அந்தப் பெயரில் பிறக்கவில்லை, தெரியுமா? 1957-ல் நாகசாமி நாயுடு கடை போட்டபோது அதன் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். மனிதர் தலையில் எப்போதும் தலைப்பாகை. சாப்பிட வந்த ஜனங்களுக்கு ஆனந்தமும் விலாசமும் வாயில் நிற்கவில்லை. தலைப்பாக்கட்டுக்காரர் கடை என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் ஜனங்கள் வைத்த பெயரே போர்டில் ஏறியது!

திண்டுக்கல்லில் பிரியாணி என்றால் அந்த ஒரு கடை மட்டுமல்ல. வேணு பிரியாணிக்கு என்று ஒரு கூட்டம், பொன்ராமுக்கு என்று ஒரு கூட்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எந்தக் கடை என்று நண்பர்களுக்குள் கட்சி பிரிந்துவிடும். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

குட்டி அரிசியின் பெரிய வேலை

பாஸ்மதி அரிசி வெந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளும். திண்டுக்கல்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே சீரகச் சம்பாதான்! சீரகத்தைப் போலவே குட்டியாக, ஒல்லியாக இருக்கும் அரிசி அது. தனக்கென்று ஒரு மணம் வைத்திருக்கும், கறிச்சாற்றையும் மசாலாவையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கறித்துண்டே இல்லாத குஸ்காவைச் சாப்பிட்டாலும் கறி சாப்பிட்ட திருப்தி வருகிறது.

நிறத்தையும் கவனியுங்கள். ஆம்பூர் பிரியாணி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதில் சிவக்கும். கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு உட்கார்ந்திருக்கும். 1856-ல் பதவி இழந்து கல்கத்தாவுக்குப் போன அவத் நவாப் வாஜித் அலி ஷாவோடு அந்தப் பிரியாணியும் கல்கத்தா போனது. திண்டுக்கல் பிரியாணியில் சிவப்பும் இல்லை, உருளையும் இல்லை. வெளிர் பழுப்பு நிறம், பொடிப்பொடியாக நறுக்கிய கறி, தயிரும் எலுமிச்சையும் தருகிற லேசான புளிப்பு, தொண்டையில் மெதுவாக ஏறும் மிளகுக் காரம். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாய் ஊட்டினாலும் எங்கள் பக்கத்து ஆள் ஊர்ப் பெயரைச் சொல்லிவிடுவார்!

மேலேயும் நெருப்பு, கீழேயும் நெருப்பு

தம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பில் எரியும் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். அண்டாவை மூடி, மூடியின் மேல் தணலை அள்ளிப் பரப்புவார்கள். இப்போது சூடு மேலிருந்தும் கீழிருந்தும் வருகிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியே போக வழியில்லாமல் அரிசிக்குள்ளேயே போகிறது. ஆட்டுக்கறியின் தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் இந்த மெதுவான ஈரச் சூட்டில் இளகி ஜெலட்டினாக மாறும். கறி பஞ்சாக வேகிறது என்று நாம் சொல்வதெல்லாம் இந்த ரசாயனத்தைத்தான்!

தம் உடைக்கும்போது மாஸ்டர் தணலைத் தள்ளிவிட்டு, சாம்பல் உள்ளே விழாமல் மூடியை ஒரு பக்கமாகச் சரிப்பார். குப்பென்று ஆவி. கரண்டியை நடுவில் குத்த மாட்டார். ஓரமாக, அண்டாவின் சுவரை ஒட்டிச் சாய்த்து இறக்கி, அடியிலிருந்து ஒரு புரட்டு. அரிசி உடையாது. அடியில் கிடந்த கறி மேலே வரும். எந்தக் கேட்டரிங் காலேஜிலும் படித்திராத ஒரு பெரியவர் இதைச் செய்வதைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வைகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு காவிரிக்குப் போகிற தண்ணீர்!

"எல்லாம் எங்க ஊர்த் தண்ணிதாங்க" என்று திண்டுக்கல் சமையல்காரர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது தெரியுமா? கீழ்ப் பழனி மலையில். மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, அங்கிருந்து திண்டுக்கல்லின் குடிநீராக வருகிறது. அதே மலைத் தண்ணீரைச் சுமக்கும் குடகனாறு வடக்கே திரும்பி, நம்ம வேடசந்தூர் பக்கம் அழகாபுரி அணையைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. அமராவதி போய்ச் சேர்வது காவிரியில்!

பக்கத்து மாவட்டம் மதுரை, பக்கத்து ஆறு வைகை. ஆனால் திண்டுக்கல் சமவெளியில் ஓடும் குடகனாற்றுத் தண்ணீருக்குக் காவிரிதான் சொந்தம். மழை நல்லபடியாகப் பெய்து ஆறு ஓடினால்தான் இந்தப் பெருமை. பல வருஷம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆடு மேய்ந்த காட்டைப் பற்றிக் கேளுங்கள்

இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது பலருக்குத் தெரியாது.

பிரியாணிக்கு எந்த ஊர் ஆடு என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் கன்னிவாடி என்பார்கள், பரமத்தி என்பார்கள். இரண்டும் ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர்கள். ஏன் அந்தப் பக்கத்து ஆட்டுக்கு அவ்வளவு மவுசு? காரணம் கொரங்காடு! காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் என்று விரிந்து திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்கு ஓரம் வரை வருகிற மேய்ச்சல் முறை அது. மழை குறைந்த இந்த மேட்டுநிலத்தில் நெல்லும் கரும்பும் எடுபடாது என்று கண்டுகொண்ட நம் முன்னோர்கள் நிலத்தை மூன்று அடுக்காகக் கட்டிவிட்டார்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்து போகிற கோடையில் வெள்வேல மரம் காயை உதிர்க்கும். ஆடு அதைப் பொறுக்கித் தின்று பிழைத்துக்கொள்ளும். பாசனமே வேண்டாம். ஒரு பட்டியில் மேய்ந்ததும் ஆட்டை அடுத்த பட்டிக்கு மாற்றிவிட்டு இதைத் தழைய விடுவார்கள். வேலியே உயிருள்ள செடி, அதுவும் வறட்சியில் சாகாத செடி! பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்த விவசாய விஞ்ஞானம் இது. நடந்து மேய்ந்து, புல்லும் காயும் தின்று வளர்ந்த ஆட்டின் கறிக்கு வருகிற ருசி, கட்டிப்போட்டுத் தீனி வைத்த ஆட்டுக்கு வராது என்பது கறிக்கடைக்காரர்களின் தீர்ப்பு.

எரியோட்டுக்காரர்களுக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு சந்தை உண்டு. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தை! தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடம் இருக்காது. ஆடுகளுக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழிகளும் சேவல்களும் கைமாறும். வியாபாரிகள் கையில் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை பேசுகிற வழக்கம் நம்ம நாட்டுச் சந்தைகளில் இருந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது!

சரி, அந்த அய்யலூர் மலைக்காடுகளில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? தேவாங்கு! இரண்டு பெரிய கண்ணோடு ராத்திரியில் மட்டும் வெளியே வருகிற, உள்ளங்கையில் அடங்குகிற உயிர். இந்தியாவிலேயே தேவாங்குக்கு என்று அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது. கடவூர் தேவாங்கு சரணாலயம், 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர், அதில் வேடசந்தூர் தாலுகாவும் சேர்த்தி! தேவாங்கு தின்பது பெரும்பாலும் பூச்சிகளை. காட்டோரக் கொல்லைகளில் பயிரை அழிக்கும் பூச்சியும் அதில் அடக்கம். நம்ம இலைக்கு வரும் காய்க்கு ராத்திரிக் காவல் யார் என்று இப்போது புரிகிறதா?

கண்ணீருக்கு ஒரு பரிசு

திண்டுக்கல் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதை உரித்தால் ஏன் கண்ணீர் வருகிறது? கண்ணீரை வரவழைக்கும் பொருள் வெங்காயத்தை நறுக்கும்போது தானாகவே உருவாகிவிடுகிறது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். அதற்கென்றே தனியாக ஒரு என்சைம் வெங்காயத்துக்குள் இருக்கிறது என்று 2002-ல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானில் ஹவுஸ் ஃபுட்ஸ் கம்பெனியின் விஞ்ஞானிகள். அது என்ன கம்பெனி? குழம்பு மசாலா தயாரிக்கிற கம்பெனி! 2013-ல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு அது.

அந்த வெங்காயம் எண்ணெயில் பொன்னிறமாவதும், கறி வதங்கும்போது வாசம் வருவதும் மெயிலார்டு வினை. புரதத்தின் சிறு துண்டுகளும் சர்க்கரையும் சூட்டில் கைகோத்து நூற்றுக்கணக்கான புது மணங்களைப் பிறப்பிக்கும். லூயி கமில் மெயிலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் இதை எழுதியது 1912-ல். மிளகாய்க் காரத்தை அளக்க அமெரிக்காவில் வில்பர் ஸ்கோவில் வழி கண்டதும் அதே 1912-ல்! பிரியாணியின் வாசத்துக்கும் காரத்துக்கும் ஒரே ஆண்டில் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் குடிக்காதீர்கள். மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரில் இருக்கும் கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்து நாக்கிலிருந்து கழற்றி எடுத்துப் போய்விடும். பக்கத்தில் கிண்ணத்தில் தயிர்ப் பச்சடி வைப்பது சும்மா அழகுக்கு என்றா நினைத்தீர்கள்?

மிளகாய் நம் நாட்டுச் சரக்கே அல்ல. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு, போர்த்துகீசியர் கப்பலில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதுவரை நம் சமையலில் காரம் என்றால் பெரிதும் மிளகுதான். தாண்டிக்குடி பக்கம் கீழ்ப் பழனி மலையில் காபித் தோட்டத்து நிழல்மரங்களில் மிளகுக்கொடி இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது. மிளகைக் கைவிடாத திண்டுக்கல் பிரியாணி, மிளகாய்க்கு முந்தைய தமிழ் நாக்கையும் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கிறது!

கள்ளும் பதநீரும்: நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு

நண்பர்கள் கூடிக் கறியும் கள்ளுமாக விருந்துண்பது சங்க காலத்திலேயே உண்டு. பொருநராற்றுப்படையில், கரிகால் சோழன் வீட்டில் இரவும் பகலும் கறி தின்ற பொருநர்களுக்கு, கொல்லையை உழுத கலப்பையின் கொழுப் போலப் பல்லே மழுங்கிப்போனதாக வருகிறது! அப்பேர்ப்பட்ட விருந்து!

தமிழ்நாட்டில் கள் இறக்கி விற்க 1987 ஜனவரி 1 முதல் தடை. அதனால் கேரளத்தில் இருப்பதுபோலக் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறும் கள்ளுக்கடை நமக்கு இல்லை. ஆனால் பதநீருக்குத் தடையில்லை. இரண்டும் ஒரே பனையில், ஒரே பாளையில் சொட்டுவதுதான்! கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காற்றில் வரும் ஈஸ்ட் வேலை செய்ய முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும். அது பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் விடிவதற்குள் புளித்து நுரைக்கும். அது கள். சட்டத்துக்கும் சட்டவிரோதத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்பு! கோடையில் போகிறவர்கள் பிரியாணிக்கு முன்னால் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பனையோலைப் பட்டையில் நுங்கு நறுக்கிப் போட்ட பதநீரை இரண்டு கையாலும் ஏந்திக் குடியுங்கள். அதற்கு ஈடான பானம் எந்தப் பப்பிலும் கிடையாது.

கோட்டைப் பக்கம் ஒரு நடை

சாப்பிட்ட அசதிக்கு மலைக்கோட்டைப் பக்கம் போகலாம். 1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் இங்கே ஃபௌஜ்தாராக, அதாவது படைத்தலைவராக, வந்து இறங்கிய ஹைதர் அலிதான் பிற்பாடு மைசூரையே ஆண்டார். திண்டுக்கல் அவருக்கு ஏணியின் முதல் படி! அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கும் பகுதிதான் பேகம்பூர்.

1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்ததும் இந்த மண்தான். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். எட்டு ஆண்டுகள் தங்கி, ஹைதரின் படைத்துணையும் பெற்று, 1780-ல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார் ராணி. அதே விருப்பாச்சியின் பெயரில்தான் நம்ம மலைவாழைப்பழம் இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் விழுவது அந்தப் பழம்தான்! விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்களைத் துடைத்தெடுத்த பிறகும் மிஞ்சி நிற்கிற பழம். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று வாங்கித் தின்னுங்கள். தோல் தடித்திருக்கும், உள்ளே தேன்.

பூட்டுக்கும் பீர்க் குவளைக்கும் என்ன சம்பந்தம்?

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் ஒரே ஆண்டில், 2019-ல், புவிசார் குறியீடு கிடைத்தது. கையாலேயே ராவி, தட்டி, லீவர் பொருத்திச் செய்கிற பூட்டுகள் இவை. மாங்காய் வடிவில் இருக்கும் மாங்காய்ப் பூட்டைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கள்ளச்சாவி போட்டால் சாவியை உள்ளேயே கவ்விக்கொள்ளும் ரகமும் இங்கே செய்திருக்கிறார்கள்!

ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் 1589-ல் தொடங்கிய ஹாஃப்ப்ரோய்ஹவுஸ் என்று ஒரு புகழ்பெற்ற பீர் மண்டபம். அங்கே வாடிக்கையான நண்பர் குழுக்களுக்குத் தனி மேஜை உண்டு. அவர்கள் குடிக்கிற சொந்தக் குவளைகளை வைக்க இரும்புக் கம்பி அலமாரி உண்டு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு! அந்தக் குவளைக்கு இடம் கிடைக்க மனிதர்கள் காத்திருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்றை அந்த அலமாரியில் தொங்கவிட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

இப்படிக் கூடித் தின்பதில் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானமும் யோசித்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார், தனக்கென்று வாடிக்கையான உள்ளூர்ப் பப் இருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்று 2016-ல் காட்டினார். 2017-ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கிறார்கள். அதிலும் சிரிப்பும் பழைய கதையும் கலந்த சாப்பாடுதான் நெருக்கத்தைக் கூட்டுகிறதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கிய கதையை ஒவ்வொரு தடவையும் திரும்பச் சொல்கிற கூட்டாளியை இனிமேல் "டேய், போதும்டா" என்று அடக்காதீர்கள்!

ஆகஸ்டில் போகிறீர்களா?

அப்படியானால் கடைக்கே போக வேண்டாம். திண்டுக்கல் முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத் திருவிழா ஆகஸ்ட் மாதத்தில். நேர்ந்துகொண்டவர்கள் ஆடு கொண்டுவருவார்கள், கோழி கொண்டுவருவார்கள், அரிசி, தக்காளி, கத்திரிக்காய் என்று கையில் இருப்பதைக் கொண்டுவந்து குவிப்பார்கள். நூற்றுக்கணக்கில் ஆடுகள், ஆயிரக்கணக்கில் கோழிகள்! விடிய விடிய அண்டா அண்டாவாகக் கறிச்சோறு. சாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்காமல் வந்தவருக்கெல்லாம் அன்னதானம். வீட்டுக்குக் கொண்டுபோகப் பாத்திரத்தோடு வருகிறவர்களுக்கும் உண்டு. மதுரைப் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயிலில் தை மாதம் பிரசாதமே பிரியாணி என்பது பலருக்குத் தெரியும். முத்தழகுபட்டி அதற்குச் சளைத்ததல்ல.

தேதியைத் திண்டுக்கல்காரர் யாரிடமாவது முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கரூர் - திண்டுக்கல் பாதையில் எரியோட்டிலும் ஸ்டேஷன் இருக்கிறது. கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுங்கள். போகும்போது ஒரு தூக்குவாளியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.